கொலஸ்ட்ரால், பிசிஎஸ்கே9, மரபணு ஒடுக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் படிப்பவர்கள், செல் வளர்ப்பு ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், 'ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி' (இன்க்ளிசிரான் என்ற மருந்து) பற்றிக் கேள்விப்பட்டவர்கள் ஆகியோருக்காக எழுதியது. எல்டிஎல் என்பது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள், அதைப் பிடித்து இழுக்கும் செல் புரதம்தான் எல்டிஎல் ஏற்பி. பிசிஎஸ்கே9 அந்த ஏற்பியை அழியவைக்கும் புரதம், அது உருவாகாமல் தடுப்பதே இந்த ஊசியின் வேலை. ரத்தத்தில் எல்டிஎல் எவ்வளவு நிற்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் எத்தனை எல்டிஎல் ஏற்பிகள் இருக்கின்றன என்பதுதான். கீழே வரும் பதில்கள் பலவும் அந்த ஒரு விஷயத்துக்கே திரும்பத் திரும்ப வந்து சேரும்.

கொழுப்பும் கொலஸ்ட்ராலும் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்று, வேதியியலில் வேறு. நெய்யிலும் நல்லெண்ணெயிலும் இருப்பது ட்ரைகிளிசரைடு. கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்திருக்கும், எரித்தால் ஆற்றல் கிடைக்கும். கொலஸ்ட்ரால் 27 கார்பன் அணுக்கள் கொண்ட ஸ்டீரால். அதன் நான்கு வளையங்களையும் உடைத்து எரிக்க நம் உடலில் வழியில்லை. செல் சவ்வின் இறுக்கத்துக்கும், ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கும், பித்த அமிலங்களுக்கும் அது வேண்டும். மிஞ்சியது வெளியேறும் பெரிய வழி கல்லீரல் வழியாகப் பித்தம்தான்.

எண்ணெய் பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போடுவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தாவர எண்ணெய் எதிலுமே சொல்லத்தக்க அளவு கொலஸ்ட்ரால் கிடையாது.

எல்டிஎல்லைக் கல்லீரல் எப்படிப் பிடிக்கிறது?

ஒரு எல்டிஎல் துகளின் குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர். உள்ளே ஏறக்குறைய 1,500 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள், வெளியே பாஸ்போலிப்பிட் உறை, அதன்மேல் 4,536 அமினோ அமிலங்கள் நீளமுள்ள ஒரே ஒரு அபோபி-100 புரதம். கல்லீரல் செல்லின் எல்டிஎல் ஏற்பி அந்த அபோபியைப் பற்றிக்கொள்கிறது. சவ்வு உள்பக்கம் குழிந்து, கிள்ளப்பட்டு, ஒரு சிறு பையாகச் செல்லுக்குள் போகிறது. பைக்குள் அமிலம் ஏற ஏற ஏற்பி மடங்கித் துகளைக் கைவிடுகிறது. துகள் செல்லின் சிதைப்பு அறையான லைசோசோமுக்குப் போய்ச் சிதைகிறது, ஏற்பி மேற்பரப்புக்குத் திரும்புகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10 நிமிடம், ஏற்பியின் ஆயுள் ஏறக்குறைய 20 மணி நேரம் என்றால், ஒரே ஏற்பி நூறு முறைக்கு மேல் சுமை இறக்குகிறது.

இதை அமெரிக்காவின் டாலஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1970களில் கண்டுபிடித்தார்கள். பரம்பரையாக எல்டிஎல் மிக அதிகமாக உள்ள நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்தபோது அவை எல்டிஎல்லைப் பிடிக்கவே இல்லை. 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தன்னிடம் கொலஸ்ட்ரால் குறைவு என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வில் எஸ்ஆர்இபிபி-2 என்ற புரதம் ஸ்கேப் என்ற துணையோடு உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சவ்வில் கொலஸ்ட்ரால் போதுமான அளவு இருந்தால் ஸ்கேப்பை இன்சிக் என்ற புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும். குறைந்தால் பிடி விடுபட்டு எஸ்ஆர்இபிபி-2, ஸ்கேப் இரண்டும் கோல்கை என்ற செல் உறுப்புக்குப் போகும். அங்கே இரண்டு நொதிகள் எஸ்ஆர்இபிபி-2ஐ அடுத்தடுத்து வெட்டுகின்றன, துண்டு கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. கொலஸ்ட்ரால் தயாரிக்கும் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ், எல்டிஎல் ஏற்பி இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இந்த ரிடக்டேஸ் நொதியைத் தடுக்கிறது. செல் பஞ்சத்தை உணர்ந்து ஏற்பிகளை அதிகமாக்குகிறது. எல்டிஎல் குறைவது பெரும்பாலும் இந்த இரண்டாவது படியால்தான்.

அப்படியானால் ஸ்டாட்டின் அளவை இரட்டித்தால் எல்டிஎல் ஏன் சுமார் 6 சதவீதம் மட்டுமே கூடுதலாகக் குறைகிறது?

அதே எஸ்ஆர்இபிபி-2 முடுக்கிவிடும் இன்னொரு மரபணு பிசிஎஸ்கே9. ஆக்சிலேட்டரும் பிரேக்கும் ஒரே மிதியில் இருப்பது மாதிரி. இந்தப் புரதம் செல்லிலிருந்து சுரந்து, வெளியிலிருந்து எல்டிஎல் ஏற்பியின் இஜிஎஃப்-ஏ பகுதியில் ஒட்டுகிறது. ஏற்பியோடு சேர்ந்தே உள்ளே போகிறது. அமிலம் ஏறும்போது வழக்கமாக விடுபட வேண்டிய பிடி இங்கே இன்னும் இறுகுகிறது. மடங்க முடியாத ஏற்பி மேற்பரப்புக்குத் திரும்பாமல் லைசோசோமில் சிதைகிறது. நூறு சுற்று போக வேண்டியது முதல் சில சுற்றுகளிலேயே முடிந்துபோகிறது.

புரதத்தைப் பிளக்கும் நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் பிசிஎஸ்கே9 ஏற்பியை வெட்டுவதில்லை. அது வெட்டுவது தன்னைத்தானே, அதுவும் ஒரே முறை. அதனால் நொதியின் வெட்டும் தளத்தை அடைக்கும் சாதாரண மாத்திரை மருந்து இங்கே உதவாது. பிணைப்பைத் தடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரதமே உருவாகாமல் செய்ய வேண்டும்.

பிசிஎஸ்கே9தான் சரியான குறி என்பதற்கு மனிதர்களில் என்ன ஆதாரம்?

மருந்து இலக்குகளில் இவ்வளவு சுத்தமான ஆதாரம் கிடைப்பது அபூர்வம். 2003இல் மாண்ட்ரியலில் நபீல் செய்தாவின் குழு இந்தப் புரதத்தை விவரித்தது. அதே ஆண்டு பாரிஸில் மரியான் அபிஃபாடெல், கேத்தரின் புவாலோ குழு, எல்டிஎல் மிக அதிகமான பிரெஞ்சுக் குடும்பங்களில் இதன் பிறழ்வுகளைக் கண்டது. அவை புரதத்தின் செயலைக் கூட்டும் பிறழ்வுகள்.

செயலைக் குறைக்கும் பிறழ்வு இருந்தால் என்ன ஆகும் என்று டாலஸில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோயன் தேடினார்கள். 2006இல் வந்த விடை: அமெரிக்கக் கறுப்பினத்தவரில் சுமார் 2.6 சதவீதம் பேரிடம் இந்த மரபணுவின் ஒரு பிரதி பாதியில் முறியும் பிறழ்வு இருந்தது. அவர்களுடைய எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, 15 ஆண்டுகளில் இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. எல்டிஎல் குறைவைவிட நோய்க் குறைவு ஏன் இவ்வளவு பெரிது? பிறந்த நாளிலிருந்தே குறைவாக இருந்ததால்தான். தமனிச் சுவரில் படிவது அளவோடு காலத்தையும் பெருக்கிய கணக்கு. ஐம்பது வயதில் தொடங்கும் மருந்திடம் அந்த 88ஐ எதிர்பார்க்கக் கூடாது. பிசிஎஸ்கே9ஐப் பிடித்து முடக்கும் எவலோகுமாப் எதிர்ப்புரதத்தை 27,564 பேரிடம் சோதித்த ஃபூரியே ஆய்வில் எல்டிஎல் டெசிலிட்டருக்கு 92 மில்லிகிராமிலிருந்து 30க்கு இறங்கியது. இதய நிகழ்வுகளின் முதன்மைத் தொகுப்பு குறைந்தது 15 சதவீதம்.

மரபணு ஒடுக்கம் என்றால் மரபணுவை மாற்றுவதா?

இல்லை. டிஎன்ஏ அப்படியே இருக்கும். அதிலிருந்து படியெடுத்த தூது ஆர்என்ஏ மட்டும் துண்டிக்கப்படுகிறது. 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு உருளைப்புழுவில் இரட்டை இழை ஆர்என்ஏவைச் செலுத்தி இதைக் காட்டினார்கள் (நோபல் 2006). பாலூட்டி செல்களில் நீள இரட்டை இழை போட்டால் செல் வைரஸ் வந்துவிட்டதாக நினைத்து எதிர்ப்பைக் கிளப்பும். 21 எழுத்து நீளக் குட்டி இழை, அதாவது எஸ்ஐஆர்என்ஏ, அந்தச் சிக்கலைத் தாண்டும் என்று 2001இல் தாமஸ் டுஷ்ல் குழு காட்டியது.

செல்லுக்குள் போனதும் ரிஸ்க் என்ற புரதத் தொகுதி இரண்டு இழைகளில் ஒன்றை வீசிவிட்டு, வழிகாட்டி இழையை மட்டும் வைத்துக்கொள்ளும். அதற்கு இணையான தூது ஆர்என்ஏ எதிர்ப்பட்டால், வழிகாட்டியின் 5' முனையிலிருந்து எண்ணி 10க்கும் 11க்கும் எதிரே உள்ள இணைப்பை ஆர்கோநாட்-2 வெட்டும். வெட்டியபின் வழிகாட்டி தேய்வதில்லை, அடுத்ததைத் தேடிப் போகும்.

எஸ்ஐஆர்என்ஏவைக் கல்லீரலுக்குள் எப்படி அனுப்புகிறார்கள்?

இந்தத் துறையில் உழைப்பும் பணமும் அதிகம் கரைந்த இடம் இதுதான். எஸ்ஐஆர்என்ஏ பெரியது, எதிர்மின்னேற்றம் நிறைந்தது, சவ்வைத் தாண்டாது. அப்படியே ஊசி போட்டால் சீரத்தில் உள்ள நொதிகள் சிதைக்கும், சிறுநீரகம் வடிகட்டித் தள்ளிவிடும்.

முதல் வழியில் வேடிக்கை ஒன்று உண்டு. 2004இல் அபோபியை ஒடுக்கும் எஸ்ஐஆர்என்ஏவின் முனையில் கொலஸ்ட்ராலையே ஒட்டிச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கப் போன மருந்துக்குக் கொலஸ்ட்ராலே வண்டி. வேலை செய்தது. ஆனால் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று நாள் தேவைப்பட்டது. மனிதருக்கு அது நடக்காத அளவு.

இரண்டாவது வழி லிப்பிட் நானோதுகள். 2006இல் குரங்குகளுக்குக் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் ஒரே முறை கொடுத்ததில் கல்லீரலின் அபோபி தூது ஆர்என்ஏ 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 2018இல் அனுமதி பெற்ற முதல் எஸ்ஐஆர்என்ஏ மருந்தான பாடிசிரான் இப்படிப்பட்ட துகள்தான். அதன் லிப்பிட்டுகளை மோல் கணக்கில் பார்த்தால் அயனியாகும் லிப்பிட் 50, கொலஸ்ட்ரால் 38.5, பாஸ்போலிப்பிட் 10, பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) ஒட்டிய லிப்பிட் 1.5. ரத்தத்தில் இறங்கியதும் பெக் உறை உதிர, அபோஇ புரதம் துகளின்மேல் ஒட்டிக்கொள்ளும். கல்லீரல் அதை எல்டிஎல் ஏற்பி வழியாகவே பெரும்பாலும் உள்ளே இழுக்கும். ஆக, எல்டிஎல் ஏற்பியே இல்லாத நோயாளிக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

மூன்றாவது வழி கேல்நாக் என்ற சர்க்கரை. கல்லீரல் செல்லில் மட்டும் ஏராளமாக உள்ள ஏசியலோகிளைக்கோபுரத ஏற்பி இந்தச் சர்க்கரையைப் பிடிக்கும். ஒரே கிளையில் மூன்று கேல்நாக் வைத்தால் பிடி பல மடங்கு இறுகும். இன்க்ளிசிரான் இந்த வகை. துகளும் வேண்டாம், ரத்த நாளம் வழி ஏற்றவும் வேண்டாம், தோலுக்கடியில் ஊசி போதும்.

ஒரு ஊசி ஆறு மாதம் எப்படித் தாங்குகிறது?

இரண்டு காரணங்கள். ஒன்று, இழைகளின் வேதி மாற்றம். ஆர்என்ஏ இழையின் சர்க்கரைப் பகுதியில் 2' இடத்தில் மீத்தாக்சி அல்லது ஃபுளோரின், முனைகளில் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம். நொதிகள் இதைக் கடிக்கத் திணறும். இரண்டு, உள்ளே போனதில் மிகச் சிறு பங்குதான் பையை விட்டுச் சைட்டோபிளாசத்துக்குக் கசிகிறது. மீதி பைகளிலேயே தங்கி வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வெளிவந்து ரிஸ்க்கில் ஏறுகிறது. மருந்து ரத்தத்திலிருந்து ஓரிரு நாளில் மறைந்துவிடும். ஆகவே ரத்தத்தில் மருந்தளவு பார்த்துப் பலனைக் கணிக்க முடியாது.

இன்க்ளிசிரானின் அளவும் முறையும் என்ன? தவறவிட்டால்?

284 மில்லிகிராம், 1.5 மில்லிலிட்டர் கரைசலாக, வயிற்றுத் தோலுக்கடியில். மேல்கை, தொடையிலும் போடலாம். முதல் ஊசி, மூன்றாம் மாதம் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. மருத்துவப் பணியாளர்தான் போட வேண்டும். உறைய விடக்கூடாது. நாள் தவறி மூன்று மாதத்துக்குள் என்றால் உடனே போட்டுப் பழைய அட்டவணையைத் தொடரலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐரோப்பா 2020 டிசம்பரிலும் அமெரிக்கா 2021 டிசம்பரிலும் அனுமதித்தன. ஓரியன்-10, ஓரியன்-11 ஆய்வுகளில் 510ஆம் நாள் எல்டிஎல் பாதியாகக் குறைந்திருந்தது. அடிக்கடி கண்ட பக்கவிளைவு ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு. அனுமதி தரப்பட்டது எல்டிஎல் எண்ணை வைத்துத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாரடைப்பு எத்தனை குறைகிறது என்று பார்க்கும் பெரிய ஆய்வுகள் தனியாகத் தொடங்கப்பட்டன.

ஆய்வகத்தில் ஹெப்ஜி2 செல்லில் பிசிஎஸ்கே9ஐ ஒடுக்குவது எப்படி?

ஹெப்ஜி2 என்பது ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதக் கல்லீரல் புற்றுச் செல். 24 வெல் (குழி) பிளேட், ஒவ்வொரு வெல்லிலும் இறுதிக் கனஅளவு 600 மைக்ரோலிட்டர், எஸ்ஐஆர்என்ஏ 10 நானோமோலார் என்று வைத்துக்கொள்வோம். வெல்லுக்கு 6 பிக்கோமோல் வேண்டும். 10 மைக்ரோமோலார் ஸ்டாக்கிலிருந்து எடுத்தால் 0.6 மைக்ரோலிட்டர். அதைப் பைப்பெட்டில் நம்பி எடுக்க முடியாது; வெல்லுக்கு வெல் முடிவு ஆடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஸ்டாக்கை ஆர்என்ஏஸ் இல்லாத நீரில் 1 மைக்ரோமோலாராக நீர்த்து 6 மைக்ரோலிட்டர் எடுங்கள்.

வெல்லில் 100 மைக்ரோலிட்டர் ஆப்டி-மெம் மீடியம் ஊற்றி அதில் எஸ்ஐஆர்என்ஏவைக் கலக்கவும். எஸ்ஐஆர்என்ஏவைச் செல்லுக்குள் ஏற்றும் லிப்போஃபெக்டமைன் ஆர்என்ஏஐமேக்ஸ் 1 மைக்ரோலிட்டர் சேர்த்து மெதுவாகச் சுழற்றி 10 முதல் 20 நிமிடம் அறை வெப்பத்தில் விடவும். அதன்மேல் ஆன்டிபயாட்டிக் இல்லாத மீடியத்தில் 500 மைக்ரோலிட்டர் செல் கரைசல், சுமார் 80,000 செல்கள். ஹெப்ஜி2 கொத்துக் கொத்தாக ஒட்டும் செல். செல்லைப் பெயர்க்கும் ட்ரிப்சின் நொதிக்குப் பிறகு நன்றாகப் பிரித்து, மைக்ரோஸ்கோப்பில் தனித்தனியாகத் தெரிந்தபின்பே விதைக்கவும். கொத்தின் உள்ளே இருக்கும் செல்லுக்கு எஸ்ஐஆர்என்ஏ போய்ச் சேராது.

24 மணி நேரம் கழித்து மீடியத்தை மாற்றி, லிப்போபுரதம் நீக்கிய சீரம் சேர்த்ததைக் கொடுக்கவும். சாதாரணச் சீரத்தில் எல்டிஎல் இருக்கிறது. செல் வயிறு நிறைந்திருந்தால் ஏற்பி மரபணுவே அடங்கிக் கிடக்கும், எதை ஒடுக்கியும் வித்தியாசம் தெரியாது. 48 மணியில் ஆர்என்ஏ, 72 மணியில் புரதம் எடுக்கலாம்.

தூது ஆர்என்ஏவை அளக்கும் க்யூபிசிஆர் கணக்குக்கு ஒரு உதாரணம். எண்கள் சமிக்ஞை தெரியும் சுற்றின் எண், ஒரு சுற்று கூடினால் ஆர்என்ஏ பாதி. கட்டுப்பாட்டு வெல்லில் பிசிஎஸ்கே9 24.0, ஒப்பீட்டு மரபணு 18.0, வித்தியாசம் 6. ஒடுக்கிய வெல்லில் 26.1, 18.1, வித்தியாசம் 8. கூடியது 2 சுற்று, அதாவது மிச்சம் நான்கில் ஒன்று, ஒடுக்கம் 75 சதவீதம்.

பிசிஎஸ்கே9 குறைந்துவிட்டது, ஆனால் எல்டிஎல் ஏற்பியின் தூது ஆர்என்ஏ கூடவில்லையே?

கூடாது. பிசிஎஸ்கே9 ஏற்பிப் புரதத்தின் ஆயுளைக் குறைக்கிறது, மரபணுவைத் தொடுவதில்லை. பார்க்க வேண்டியது புரதம். புரதத்தை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் முதிர்ந்த ஏற்பி 160 கிலோடால்டன் அருகே, முதிராதது 120 அருகே வரும்; 160ஐ மட்டும் அளக்கவும்.

மேற்பரப்பு ஏற்பியை ஃப்ளோ சைட்டோமீட்டரில் எண்ணுகிறவர்கள் செய்யும் வழக்கமான பிழை, செல்லை ட்ரிப்சின் போட்டுப் பெயர்ப்பது. எண்ண வந்த ஏற்பியையே ட்ரிப்சின் மழித்துவிடும். இடிடிஏ போதும். சாயமேற்றிய எல்டிஎல் உள்ளிழுப்புச் சோதனையில் மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம், 37 டிகிரியில் 3 அல்லது 4 மணி நேரம். ஒரு வெல்லில் சாயமில்லாத எல்டிஎல்லை 50 மடங்கு சேர்த்து, ஏற்பி வழியல்லாத ஒட்டலைக் கழிக்கவும். எல்டிஎல்லை 4 டிகிரியில் இருட்டில் வைக்கவும். ஃப்ரீசரில் வைத்தால் துகள்கள் உடைந்து ஒட்டி, பிறகு எல்லாச் செல்லும் ஒளிரும்.

ஒரே ஒரு எஸ்ஐஆர்என்ஏ போதுமா?

போதாது. வழிகாட்டி இழையின் 2 முதல் 8 வரையான எழுத்துகள் வேறு தூது ஆர்என்ஏக்களின் வால்பகுதியில் பொருந்தினாலே அவற்றையும் ஓரளவு அடக்கும். ஒரே மரபணுவின் வெவ்வேறு இடங்களைக் குறிவைக்கும் இரண்டு எஸ்ஐஆர்என்ஏக்கள் ஒரே விளைவைத் தந்தால் நம்பலாம். அதைவிட வலுவானது, எஸ்ஐஆர்என்ஏ பொருந்தாதபடி எழுத்து மாற்றி, அமினோ அமிலம் மாறாத பிசிஎஸ்கே9ஐத் திருப்பிப் போட்டு விளைவு மறைகிறதா என்று பார்ப்பது. 50, 100 நானோமோலார் என்று அளவைக் கூட்டுவது பெரும்பாலும் இரைச்சலைத்தான் கூட்டும்.

சாதாரணச் சுண்டெலியில் சோதிக்கலாமா?

தூது ஆர்என்ஏ குறைவதைப் பார்க்கலாம். எல்டிஎல் பலனைப் பார்க்க அது மோசமான மாதிரி, ஏனென்றால் சுண்டெலியின் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்டிஎல் என்ற வேறு வகைத் துகளில் இருக்கும், சிஇடிபி என்ற பரிமாற்றப் புரதமும் அதற்கில்லை. எல்டிஎல் ஏற்பி நீக்கிய சுண்டெலியை வாங்கி அதில் பிசிஎஸ்கே9ஐ ஒடுக்கிப் பார்ப்பது இன்னும் மோசம். காப்பாற்ற ஏற்பியே இல்லாத இடத்தில் பலன் எங்கிருந்து வரும்? அபோஇ*3-லைடன் மரபணுவும் மனித சிஇடிபியும் சேர்த்த சுண்டெலி இந்த வேலைக்குப் பொருத்தம்.

பரம்பரை அதி கொலஸ்ட்ரால் நோயில் இந்த ஊசி எல்லோருக்கும் பலிக்குமா?

பெரும்பாலும் எல்டிஎல் ஏற்பி மரபணு பழுதாவதுதான் இந்த நோய். ஒரு பிரதி மட்டும் பழுதான வகை ஏறக்குறைய 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு உண்டு. எல்டிஎல் 190க்கு மேல், இளவயதில் மாரடைப்பு வந்த உறவினர், குதிகால் தசைநாரில் தடிப்பு என்றால் சந்தேகிக்க வேண்டும். இவர்களிடம் நல்ல பிரதியின் ஏற்பிகள் இருப்பதால் பலிக்கும். இரண்டு பிரதியும் முற்றிலும் செயலிழந்தவர்களிடம் ஏறக்குறைய பலிக்காது. அவர்களுக்கு எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது, அல்லது எல்டிஎல் ஏற்பியைச் சாராமல் ஏஎன்ஜிபிடிஎல்3 புரதத்தைத் தடுக்கும் எவினாகுமாப் போன்றவை. அபோபியையே ஒடுக்கும் மைபோமெர்சன் 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொழுப்பை ஏற்றி அனுப்பும் துகள் குறைந்ததால் அது கல்லீரலிலேயே தேங்கியது. மருந்து சந்தையில் நிலைக்கவில்லை.

எல்டிஎல் மிகவும் குறைந்தால் மூளைக்குக் கேடா?

மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரிக்கிறது. எல்டிஎல் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டுவதில்லை. பிசிஎஸ்கே9இன் இரண்டு பிரதியும் வேலை செய்யாத, எல்டிஎல் 14 மட்டுமே உள்ள ஒரு இளம்பெண்ணைப் பற்றி 2006இல் வெளியானது. ஆரோக்கியமாக இருந்தார்.

டிஎன்ஏவையே திருத்தி ஒரேயடியாக முடித்துவிட முடியாதா?

முயல்கிறார்கள். வெர்வ்-101 என்ற மருந்து பிசிஎஸ்கே9இல் ஒரே ஒரு அடினைனைக் குவானினாக மாற்றுகிறது. 2022இல் நியூசிலாந்தில் முதல் மனிதருக்குக் கொடுத்தார்கள். 2024இல் சேர்க்கை நிறுத்தப்பட்டது. கல்லீரல் நொதி, ரத்தத் தட்டணுக் கோளாறுகள் தெரிந்தன. காரணம் சுமந்து சென்ற லிப்பிட் துகள் என்று கருதினார்கள். அடுத்த வடிவத்தில் துகளின்மேல் கேல்நாக் வைத்தார்கள். ஒடுக்கத்தை நிறுத்தினால் சில மாதங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கு வரும், திருத்தம் திரும்பாது. ஆகவே திருத்தத்துக்குப் பாதுகாப்புச் சான்று இன்னும் கடுமையாக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஊசிக்குப் பிறகு அறிக்கையில் எல்டிஎல் 20 என்று வருகிறது. நம்பலாமா?

எப்படி வந்த எண் என்று முதலில் பாருங்கள். பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை அளப்பதில்லை, ஃப்ரீட்வால்ட் சூத்திரத்தில் கணக்கிடுகின்றன. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது. மொத்தம் 110, எச்டிஎல் 40, ட்ரைகிளிசரைடு 250 என்றால் விடை 20. இங்கே கழித்த 50 வெறும் ஊகம். ட்ரைகிளிசரைடு கூடி எல்டிஎல் 70க்குக் கீழே இருக்கும்போது இந்தச் சூத்திரம் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். 400க்கு மேல் ட்ரைகிளிசரைடு இருந்தால் பயன்படுத்தவே கூடாது. நேரடி எல்டிஎல் அளவீடோ அபோபியோ கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு எல்டிஎல் துகளிலும் அபோபி ஒன்றே ஒன்று என்பதால் அபோபி எண்ணிக்கை ஊகமில்லாத எண்ணிக்கை. அமெரிக்க, இந்திய அறிக்கைகளில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், பல ஐரோப்பிய அறிக்கைகளில் லிட்டருக்கு மில்லிமோல் இருக்கும், முதல் எண்ணை 38.67ஆல் வகுத்தால் இரண்டாவது.